அடைக்கலம் தேடியவர்களின் நூல்கள்

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் ஆறுதல் நூல்களுக்கு ஏறத்தாழ 450 ஆண்டு வரலாறு உண்டு. கடவுள் தம் மக்களைக் கைவிடுவதில்லை, அவருடைய வேளை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், அவரை நம்பியவர் அநாதை அல்ல என்பவற்றையே அவை திரும்பத் திரும்பச் சொல்லுகின்றன. உரைநடை, அம்மானை, காப்பியம், கீர்த்தனை, கடிதம் என்று வடிவம் மாறியிருக்கிறது. செய்தி அதிகம் மாறவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் யார், எந்த நிலையில் கேட்டார்கள் என்று பார்த்தால்தான் இந்நூல்களின் கனம் புரியும். சமயம் மாறியதால் சொந்தபந்தத்தையும் ஊர்க்கட்டையும், சில வேளைகளில் குடியிருந்த மண்ணையும் இழந்தவர்களுக்காகவே அவை முதலில் எழுதப்பட்டன. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கூடியிருந்து கேட்டார்கள்.

இந்த வரலாறு முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. 1535 முதல் 1537 வரை அந்தக் கடற்கரைப் பரதவர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய மோதலில் அவர்களுக்குப் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஞானஸ்நானம் கிடைத்ததே தவிர, போதனை என்று சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். 1544இல் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களைத் தாக்கியபோது, மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் துன்புற்றதை அவருடைய கடிதங்கள் பதிவு செய்கின்றன. புதிய சமயம் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பைத் தந்தது. கூடவே புதிய பகையையும் கொண்டுவந்தது.

இந்த மக்களுக்குப் புத்தகம் தந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார் என்று அறியப்படுபவர். 1520இல் போர்ச்சுக்கலில் பிறந்த அவர் யூத வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தப் பிறப்பின் காரணமாகவே பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற வேண்டி வந்தது. பின்னர் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. தம் சொந்த நாட்டிலேயே முழு உரிமையுள்ளவராக ஏற்கப்படாத ஒருவர், முத்துக்குளித்துறைக்கு வந்து ஐம்பதாண்டுக் காலம் அந்த மக்களோடு வாழ்ந்து 1600இல் அந்தக் கரையிலேயே இறந்தார். அவருடைய எழுத்தைப் படிக்கும் யாரும் இந்தப் பின்னணியை மறந்துவிட முடியாது.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். இந்தியாவில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகம். மறு ஆண்டில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. இரண்டும் ஞானோபதேச நூல்கள். அவற்றில் ஆறுதலுக்குப் பெரிய இடம் இல்லை. ஆறுதலின் முதல் நூல் 1586இல் வந்த 'அடியார் வரலாறு'தான். 600 பக்கங்களைத் தாண்டிய இந்த நூல் புனிதர்களின் வாழ்க்கையைத் திருநாள் வரிசையில் சொல்லுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும் கோயிலில் கூடும் மக்களுக்கு வாசித்துக் காட்டுவதற்கு ஏற்ற நூல் அது. வீட்டாரால் விரட்டப்பட்டவர்கள், அரசர்களால் வதைக்கப்பட்டவர்கள், சிறையிலும் மனம் தளராதவர்கள் அதில் வரிசையாக வருகிறார்கள். முன்னோர் கதைகளை விட்டு வந்த மக்களுக்கு அது புதிய முன்னோர்களைக் கொடுத்தது. நடை பேச்சுக்கு நெருக்கமானது. கடற்கரை வழக்கும் போர்ச்சுக்கீசியச் சொற்களும் கலந்த அந்தத் தமிழைப் பண்டிதர்கள் பிழை மலிந்தது என்பார்கள். கேட்டவர்களுக்குப் புரிந்த தமிழ் அது. அச்சுச் செலவுக்குப் பரதவர்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் தூத்துக்குடியிலிருந்து இதை மீண்டும் பதிப்பித்தார்.

அடுத்த முக்கியமான நூல் இலங்கையில் பிறந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி, அவர்களுக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். ஒரு தலைமுறைக் காலம் குருவே இல்லாமல் கழிந்தது. கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். சில்லாலையை இருப்பிடமாகக் கொண்டு, இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். பின்னாளில் கண்டி அரசனின் ஆதரவு கிடைத்ததால் அவருடைய பணி தொடர முடிந்தது.

வாஸுக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவர் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய நூல்களின் அளவு வியப்பூட்டுவது. அச்சகம் இல்லை. எழுத்தர்கள் ஓலையில் படியெடுத்தார்கள். ஓலைக்கட்டுகள் ஊர் ஊராகப் போயின. குரு வர முடியாத ஊரில் அந்த ஓலையே குருவின் இடத்தில் இருந்தது. அவற்றில் இன்றும் வாழ்வது 'வியாகுலப் பிரசங்கம்'. கிறிஸ்துவின் பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தியானிக்கும் இந்த நூலைத் தவக்காலத்திலும் பெரிய வாரத்திலும் கோயிலில் இராகத்தோடு வாசிப்பார்கள். வாசிப்பவர் குருவாக இருக்க வேண்டியதில்லை. குரல் வளமும் பழக்கமும் உள்ள ஊர்ப் பெரியவரே பெரும்பாலும் வாசிப்பார். இழவு வீட்டு ஒப்பாரியின் சாயல் அந்த இராகத்தில் உண்டு. மாதாவின் துயரத்தைக் கேட்கும் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளையும் சேர்த்து அழுவார்கள். சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்குறுதி எதையும் இந்நூல் தருவதில்லை. கடவுளே இந்தத் துன்பத்தில் கிடந்தார் என்று காட்டுகிறது, அதோடு நிற்கிறது. ஆறுதல் நூல்களிலேயே மிக நேர்மையானது இது என்று சொல்லலாம்.

டச்சுக்காரர் காலத்தில் மாந்தையிலிருந்து மாதா சிலையோடு காட்டுக்குள் தப்பிப் போனவர்களின் மரபில் வந்தது மடுக் கோயில். அதே வளாகம் 1990களின் போரில் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு முகாமாக இருந்தது. வியாகுலப் பிரசங்கம் வடக்கில் பழம்பொருளாகிப் போகாததற்கு அந்த ஆண்டுகளும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டு உள்நாட்டுப் பகுதியில் இதே வேலையைச் செய்தவர் வீரமாமுனிவர். பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட அவர் இத்தாலியில் பிறந்தவர். அவர் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தபோது, அதே தளத்தின் குருவான அருளானந்தர் ஓரியூரில் கொல்லப்பட்டு இருபது ஆண்டுகூட ஆகவில்லை. வீரமாமுனிவர் தாம் தங்கியிருந்த ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பாடினார். அங்கே மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். திருக்காவலூர்க் கலம்பகம், அடைக்கல மாலை, அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை ஆகியவை பாடவும் ஓதவும் எளிதான சிற்றிலக்கிய வடிவங்கள். 1726இல் முடிந்த 'தேம்பாவணி' அப்படிப்பட்டது அல்ல. 3,615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் சூசையப்பர், காப்பியத்தில் வளன். நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத, சொன்னதைச் செய்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய ஒரு தச்சரைக் காப்பியத் தலைவனாக்கியது துணிச்சலான தேர்வு. மன்னர்களையும் வீரர்களையும் பாடிய மரபில் பொறுமையே வீரமாக நிற்கிறது. எகிப்துப் பகுதி நூலில் நெடுக விரிகிறது. அயல் மண்ணில் வாழும் குடும்பத்தின் கதை அங்கே சாவகாசமாகச் சொல்லப்படுகிறது. காப்பியத்தைக் கற்றோர் படித்தார்கள். மற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தது அம்மானையும் மாலையும்தான். 1773இல் இயேசு சபை தடை செய்யப்பட்டுக் குருக்கள் அருகிப்போன காலத்தில், உபதேசிமார்களும் கோயில்பிள்ளைகளும் இந்தப் பாட்டுகளையும் செபங்களையும் வைத்தே பல ஊர்களில் விசுவாசத்தைக் காத்தார்கள். இயேசு சபையார் மதுரைக்குத் திரும்பியது 1830களின் பிற்பகுதியில்.

தரங்கம்பாடியில் நடந்தது வேறு வகை. 1706இல் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சில் முடித்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மனியின் ஹால்லே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர்கள். அந்த இயக்கத்தின் வீடுகளில் வேதத்துக்கு அடுத்தபடி இருந்த புத்தகம் யோகான் அர்ன்ட் 1605 முதல் எழுதிய 'மெய்க் கிறித்தவம்'. முப்பதாண்டுப் போரின் துன்பத்தில் ஜெர்மானியர்களுக்கு ஆறுதல் தந்த புத்தகம் அது. அர்ன்ட்டின் நூல்கள் 18ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு வந்தன. 1740இல் வந்த பப்ரிசியுஸ் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். 1746இல் பிரெஞ்சுப்படை சென்னையைப் பிடித்தபோது அவர் பழவேற்காட்டுக்குப் போய் அகதியாக இருந்தவர். 1761இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி அவரிடம் வந்து, வேப்பேரி அச்சகமானது. பாமாலைப் புத்தகத்தில் அவருடைய பாட்டுகள் இன்றும் இருக்கின்றன. மெட்டு ஜெர்மானியம், தமிழ் சற்றுக் கரடுமுரடு. ஆனாலும் சாவு வீட்டிலும் கல்லறையிலும் அவற்றைப் பாடிப் பழகிய சபைகளுக்கு அந்தக் கரடுமுரடு ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

ஒரு சிறு கிளைச் செய்தி. மொரேவியச் சகோதரர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கு அருகே தோட்டம் வாங்கிக் குடியேறி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தார்கள். நாளுக்கு ஒரு வேதவசனம் என்ற புத்தகத்தை 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டு வந்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டுச் சபைகளில் புத்தாண்டு இரவில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பதும், வீட்டுச் சுவரில் வசன நாட்காட்டி தொங்குவதும் ஜெர்மானியப் பக்தி இயக்கத்தில் பழக்கமாயிருந்தவற்றின் உறவினங்கள்.

திருநெல்வேலியில் ஆறுதல் நூல்களுக்கு ஊர்களே பின்புலமாக அமைந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பனைத்தொழில் செய்த நாடார் குடும்பங்கள் கிறித்தவத்துக்கு வரத் தொடங்கியபோது எதிர்ப்பும் உடனே வந்தது. ஜெபக்கூடங்கள் எரிக்கப்பட்டன, மக்கள் அடித்து விரட்டப்பட்டனர். அவர்களில் ஒருவரான தாவீது சுந்தரானந்தம், ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி உதவியோடு நிலம் வாங்கி, விரட்டப்பட்டவர்களை அங்கே குடியேற்றினார். 1799இல் பிறந்த அந்தக் குடியிருப்புக்கு முதலூர் என்று பெயர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் இதையே ஒரு முறையாக ஆக்கினார். 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம், சபையாரிடமே காசு திரட்டி நிலம் வாங்கியது. மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம் என்று ஊர்கள் எழுந்தன. ஜெர்மானியப் பிரபு ஒருவரின் கொடையால் 1827இல் உருவான ஊருக்கு அவர் பெயராலேயே டோனாவூர் என்று பெயர் வந்தது.

ஊர் அமைந்தது போலவே புத்தகமும் அமைந்தது. 1822இல் பாளையங்கோட்டையில் துண்டுப்பிரசுர சங்கம் தொடங்கப்பட்டது. சென்னையில் 1818இலேயே அப்படி ஒன்று இருந்தது. இந்த ஊர்களின் நடுவில் ஆலயம், அதன் பக்கத்தில் பள்ளிக்கூடம், உபதேசியார் வீடு. காலையும் மாலையும் மணி அடிக்கும். பனையேறி இறங்கிய ஆண்களும் கருப்பட்டிப் பானையை இறக்கி வைத்த பெண்களும் வந்து உட்காருவார்கள். உபதேசியார் ஒரு வேதபாகத்தையும் ஒரு சிறுநூலின் பகுதியையும் வாசித்து, கேள்வி கேட்டு, மனப்பாடம் செய்விப்பார். பனங்காடும் தேரிமணலும் சூழ்ந்த இந்தச் சிற்றூர்களில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்த கதையை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை அதிகம் இருந்திருக்காது.

1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ்க் கிறித்தவக் கவிஞர்களின் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டுகள் அதில் பெருவாரியாக இடம் பெற்றன. தமிழ் இராகத்தில் பாடக்கூடிய ஆறுதல் பாட்டு அச்சில் பரவலாகக் கிடைத்தது அதன் பிறகுதான். தேயிலை, கோப்பித் தோட்ட வேலைக்காக இலங்கை மலைநாட்டுக்குப் போன கூலிக் குடும்பங்களோடு இந்தக் கீர்த்தனைகளும் கடல் கடந்தன. 1850களில் அவர்களுக்கென்றே அங்கே தமிழ்க் கூலி மிஷன் ஏற்பட்டது.

மொழிபெயர்ப்பு நூல்களில் இரண்டு மற்றெல்லாவற்றையும் விட ஆழமாக வேரூன்றின. ஒன்று தோமஸ் கெம்பிஸ் 15ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதியது; 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்ற பெயரில் கத்தோலிக்க வீடுகளில் தியானப் புத்தகமாயிற்று. மற்றொன்று ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்'. பெட்ஃபோர்ட் நகரில் அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்த தகரவேலைக்காரர் பனியன். நூலின் முதல் பாகம் 1678இல் வந்தது. ஊரையும் வீட்டையும் விட்டு, முதுகில் சுமையோடு, கேலி செய்யும் அண்டைவீட்டாரைத் திரும்பிப் பாராமல் நடக்கும் ஒருவனின் கதை. இங்கிலாந்தில் அது உருவகம். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஞானஸ்நானம் பெற்ற பலருக்கு அது நடந்ததை நடந்தபடி சொல்லிய கதை. யாழ்ப்பாணம் உடுவிலில் இருந்த அமெரிக்க மிஷனரி லீவை ஸ்பால்டிங்கும், பின்னர் திருநெல்வேலியின் சாமுவேல் பவுல் ஐயரும் இதைத் தமிழாக்கினார்கள். பள்ளிப் பரிசாகவும் திருமணப் பரிசாகவும் அது வீடுகளுக்குள் போயிற்று.

அந்தக் கதையைத் தமிழ் மண்ணில் மறுபடி பிறப்பித்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். கம்பனில் தோய்ந்த வீடு. சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறித்தவ நூல்கள் கைக்கு வந்தன. தம்பி முத்தையா பிள்ளை முந்திக்கொண்டார். கிருஷ்ண பிள்ளை 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். மரக்கறி உணவையோ தமிழ்ப் புலமையையோ அவர் விட்டுவிடவில்லை. ஆனால் பிறந்த வீட்டோடும் உறவோடும் இருந்த பிணைப்பு பழையபடி இருக்க முடியவில்லை. சரணாகதி என்பதை வைணவ வீட்டில் பாலோடு குடித்தவர், கிறிஸ்துவிடம் அதே சரணாகதியைக் கொண்டு சென்றார்.

'இரட்சணிய யாத்திரிகம்' பாளையங்கோட்டையிலிருந்து வந்த 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894இல் நூலானது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பிரிவுகள். 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள். பனியனின் கதை எலும்புக்கூடாக இருக்கிறது; அதன்மேல் வளர்ந்த சதை கம்பனுடையது, உயிர் ஆழ்வார்களுடையது. பனியன் சொல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் கிருஷ்ண பிள்ளை இடையில் விரித்துப் பாடினார். பயணி களைத்து நிற்கும் இடங்களில் தேவாரம் என்று பெயரிட்ட இசைப்பாடல்களை வைத்தார். கதை அங்கே நின்றுவிடுகிறது, பாட்டு மட்டும் நடக்கிறது. காப்பியம் முழுவதையும் படித்தவர்கள் குறைவு. அந்தத் தேவாரங்களைக் கேட்டு உருகியவர்கள் ஏராளம். 'கிறித்தவக் கம்பர்' என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. அது அவருடைய செய்யுள் திறத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் விட்டுவந்த வீட்டின் மொழியிலேயே புதிய வீட்டைக் கட்டியதுதான் அவர் செய்த பெரிய காரியம். பிறந்த மரபைத் தூக்கி எறியாமலே கடவுளுக்கு உரியவராக வாழலாம் என்பதற்கு அந்த நூலைவிடப் பெரிய சான்று 19ஆம் நூற்றாண்டில் இல்லை.

இந்நூல்கள் போதித்த உறவைச் சபைகள் எவ்வளவு தூரம் வாழ்ந்து காட்டின என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. தஞ்சையிலும் சென்னையிலும் வேளாளக் கிறித்தவரும் தலித் கிறித்தவரும் ஆலயத்துக்குள் தனித்தனியே உட்கார்ந்தார்கள். பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமையை ஒழிக்கக் கட்டளையிட்டபோது பலர் சபையை விட்டே விலகினார்கள். ஆயிரக்கணக்கானோரைப் பாட்டால் தேற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரே 1829இல் சாதி வழக்கங்களை ஆதரித்து நூல் எழுதினார் என்பது வருத்தமான உண்மை. மிஷனரிகளின் அதிகாரமும் காயப்படுத்தியது. அதை ஏற்க மறுத்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1857இல் நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் இந்து கிறித்தவ ஏக இரட்சகர் சபையைத் தொடங்கினார். கடவுளின் குடும்பம் என்று புத்தகத்தில் வாசித்தவர்கள், ஆலயத்தில் பாயின் ஓரத்தைத்தான் கண்டார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தின்போதும் அதற்குப் பின்பும் திருநெல்வேலியில் பல்லாயிரம் பேர் சபைக்கு வந்தார்கள். அவர்கள் தேடி வந்ததில் சோறும் உண்டு, மரியாதையும் உண்டு.

புத்தகத் தொழில் இதற்கிடையே பெருகியது. 1858இல் ஏற்பட்ட கிறித்தவக் கல்விச் சங்கம் 1891 முதல் கிறித்தவ இலக்கியச் சங்கம் என்ற பெயரில் இயங்கியது. அதன் பொறுப்பில் இருந்த ஜான் மர்டாக் 1865இல் தமிழில் அச்சான நூல்கள் அனைத்துக்கும் பகுத்த பட்டியல் வெளியிட்டார். சென்னைப் பூங்கா நகரிலிருந்து புத்தகங்கள் வண்டியிலும் ரயிலிலும் போயின. பைபிளும் பாமாலையும் தியானப் புத்தகமும் கொண்ட துணிப்பையோடு திருவிழாக்களிலும் சந்தைகளிலும் விற்ற புத்தக ஊழியர்கள் பலருக்கு, வாங்க வசதியில்லாதவர்களுக்கு நின்ற இடத்திலேயே வாசித்துக் காட்டுவதும் வேலையாயிற்று.

20ஆம் நூற்றாண்டில் தமிழ் மண்ணிலிருந்து எழுந்து உலகெங்கும் வாசிக்கப்பட்ட ஆறுதல் நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. வட அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901இல் பிரீனா என்ற சிறுமி கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த நிலையில் தப்பி அவரிடம் வந்தாள். அதிலிருந்து டோனாவூரில் ஒரு பெருங்குடும்பம் வளர்ந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு அவர் அம்மா. ரேனியஸ் காலத்தில் விரட்டப்பட்டவர்களுக்காக எழுந்த ஊரில், நூறாண்டுக்குள் வீடற்ற குழந்தைகளின் வீடு அமைந்தது.

1931 அக்டோபரில் ஏமி ஒரு குழிக்குள் விழுந்து காலிலும் இடுப்பிலும் அடிபட்டார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே படுக்கையில் இருந்தார். அந்தப் படுக்கையிலிருந்து எழுதியவற்றுள் 1933இல் வந்த 'முட்செடியின் ரோஜா' தனித்து நிற்கிறது. நோயாளிகளுக்கென்று நலமாக இருப்பவர்கள் எழுதும் சிறுநூல்கள் நோயில் கிடப்பவருக்கு ஒட்டுவதில்லை என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்து, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக அந்த நூலை அமைத்தார். தூக்கம் வராத இரவு, குறையாத வலி, பதில் வராத ஜெபம், மற்றவர்களுக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணம் எல்லாம் அதில் பெயர் சொல்லிப் பேசப்படுகின்றன. குணமாவீர்கள் என்று அவர் எங்கும் ஆசை காட்டவில்லை. காத்திருப்பதையே ஒரு வேலையாக, ஒரு சேவையாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒருவரின் எழுத்து அது. 1935இல் வந்த 'நிலவொளியில் பொன்' அதன் தொடர்ச்சி. டோனாவூரில் அவர் கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றில் 'அம்மா' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

பொறுமை என்ற போதனை ஏழைகள்மேல் சுமத்தப்படும்போது அது அநீதிக்குத் துணை போகும் என்ற விமர்சனம் 1970களுக்குப் பின் தமிழ்நாட்டு இறையியல் கூடங்களில் வலுத்தது. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி அதற்கு முக்கியமான களம். அங்கே கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று மாணவர்களும் கிராமத்தாரும் அழைத்தவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகளும் வழிபாட்டு முறையும் எழுதினார். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை தலித் மக்களின் குரல் அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. பறையும் தெம்மாங்கும் ஆலயத்துக்குள் வந்தன. அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது 'ஒரே உலை'. அவரவர் கொண்டுவருவதை ஒரே பானையில் போட்டு, பொங்கி, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதுதான் திருவிருந்து. யார் வீட்டு அரிசி என்று பிரித்துப் பார்க்க முடியாத சோறு அது. கடவுளுக்கு உரியவர்கள் ஒருவருக்கொருவரும் உரியவர்கள் என்பதைப் பழைய நூல்கள் சொல்லாமல் இல்லை. அப்பாவு அதைப் பந்தியில் நடத்திக் காட்டினார். காத்திருத்தல் அவருடைய பாட்டுகளில் கைகட்டி நிற்பது ஆகாது. கடவுள் நீதி செய்வார் என்ற நம்பிக்கையோடு அந்த நீதிக்காகச் சேர்ந்து உழைப்பது ஆகும். அவர் 2005இல் மறைந்தார். அவரிடம் பயின்ற ஆயர்கள் அந்தப் பாட்டுகளைத் தங்கள் சேகரங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கே பெண்கள் அவற்றின் அடிகளைத் தங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றிப் பாடினார்கள். அப்படி மாற்றிப் பாட வேண்டும் என்பதையே அப்பாவும் விரும்பினார்.